மேல்வரிசைக் கொக்கி

"ரெண்டாவதா வந்தவங்க எங்க இருக்காங்க?"

கொலோன் நகரத்தின் போர்ஸ் பகுதிப் பள்ளியில், இரண்டாம் வகுப்புச் சிறுமி நெஸ்ரின் எழுந்து நின்று இப்படிக் கேட்டாள். கேட்டது விண்வெளி வீரன் யோரிஸிடம். ஐரோப்பா முழுவதிலிருந்தும் எத்தனை ஆயிரம் பேர் விண்ணப்பித்தார்கள், அவர்களை எப்படி வடிகட்டினார்கள், கடைசியில் இந்தப் பயணத்துக்குத் தான் ஒருவன் எப்படித் தேறினான் என்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, கைதட்டலுக்காக அவன் இடைவெளி விட்டிருந்த நேரம் அது.

யோரிஸ் சிரித்தான். பல் மருத்துவமனை விளம்பரத்தில் வரும் சிரிப்பு. விண்வெளியில் முதலாவது, இரண்டாவது என்றெல்லாம் கிடையாது, எல்லோரும் ஒரே குழு என்று சொன்னான். ஆசிரியைகள் நெகிழ்ந்துபோய்க் கைதட்டினார்கள். நெஸ்ரின் மட்டும் திருப்தியில்லாமல் உட்கார்ந்தாள்.

இரண்டாவதாக வந்தவள் அதே அறையில்தான் இருந்தாள். பின்சுவரோரம், ஸ்டிக்கர் பெட்டியை இடுப்பில் அணைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். பெயர் தெக்லா. ஐஃபல் மலைப்பக்கத்தைச் சேர்ந்தவள், எரிமலைக் கற்களை ஆராய்ந்தவள். யோரிஸ் தேர்வான அதே ஆண்டில் தேர்வானவள். அவன் படித்த ரஷ்ய மொழியைப் படித்து, அவன் மூழ்கிய அதே பயிற்சிக் குளத்தில் மூழ்கி, அவனைச் சுழற்றிய அதே எந்திரத்தில் சுழன்றவள். இந்தப் பயணத்துக்கு அவள்தான் மாற்று வீராங்கனை. யோரிஸுக்குக் காய்ச்சல் வந்தால் அவள் போவாள். யோரிஸுக்குக் காய்ச்சல் வருவதே இல்லை.

கூட்டம் முடிந்து ஸ்டிக்கர் கொடுக்கும்போது நெஸ்ரின் வந்து நின்றாள்.

"நீங்க யாரு?"

"நான்தான் நீ தேடின ரெண்டாவது ஆளு."

சிறுமி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பையில் கைவிட்டு, சற்று ஒட்டிக்கொண்டிருந்த கரடி வடிவ ஜெல்லி மிட்டாய் ஒன்றைப் பிய்த்தெடுத்துக் கொடுத்தாள். அந்த ஆண்டு முழுக்க தெக்லாவுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

விண்வெளி வீரர் என்ற உத்தியோகத்தில் விண்வெளிக்கு உள்ள பங்கு, சாம்பாரில் பெருங்காயத்துக்கு உள்ள பங்குதான். மற்றதெல்லாம் காத்திருப்பு. காத்திருக்கும் ஆண்டுகளில் அருங்காட்சியகத்துக்கு நாடா வெட்டவேண்டும். மந்திரியின் மருமகனோடு போட்டோ எடுத்துக்கொள்ளவேண்டும். பூமிக்கு மேலே ஒரு ஏணிப்படி உயரத்துக்குக்கூடப் போகாமலே 'மேலிருந்து பார்க்கும்போது பூமிக்கு எல்லைக்கோடுகள் இல்லை' என்று உருக்கமாகப் பேசக் கற்றுக்கொள்ளவேண்டும். இடம் காலியானால், திறமையை அளந்து அனுப்புவதாகச் சொல்வார்கள். உண்மையில் எந்த நாடு எவ்வளவு கொட்டியது என்று பார்த்து அனுப்புவார்கள். பெரிய மொய் வைத்த வீட்டாருக்கு முதல் பந்தி என்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. இங்கே வாழையிலை மட்டும் இல்லை.

கொலோனில் உள்ள விண்வெளிப் பயிற்சி மையத்தில் காப்பி குடிக்கும் அறைச் சுவரில் இரண்டு வரிசைக் கொக்கிகள் இருந்தன. விண்வெளிக்குப் போய் வந்தவர்களின் கோப்பை மேல்வரிசையில் தொங்கும். போகாதவர்களுடையது கீழ்வரிசையில். அப்படி யாரும் உத்தரவு போடவில்லை. ஆனாலும் யாரும் மீறியதில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு டேனிஷ் பெண் தெரியாமல் தன் கோப்பையை மேலே மாட்டிவிட்டு, யாரோ இருமியதைக் கேட்டுக் காது சிவக்க எடுத்துக் கீழே மாட்டினாள். உயரத்தை வெல்லப் புறப்பட்டவர்கள் ஒரு சாண் உயரத்துக்கு இப்படிக் கூசினார்கள். தெக்லாவின் கோப்பை கீழ்வரிசையில், காது ஒடிந்து, பசைபோட்டு ஒட்டப்பட்டுத் தொங்கியது. அவள் அந்த வழக்கத்தை மனதாரக் கேவலமாக நினைத்தாள். ஆனாலும் காலையில் அந்தச் சுவரைப் பார்க்காமல் அவளால் காப்பி ஊற்றிக்கொள்ள முடிந்ததில்லை.

இன்னொரு வழக்கமும் அவர்களிடம் உண்டு. மேலே போகிறவர் தன் சகாக்களில் ஒருவரைத் துணையாளாகப் பெயர் சொல்லவேண்டும். வீரர் மேலே இருக்கும் மாதங்களில் துணையாள் அவர் வீட்டாருக்குப் பதில் சொல்வார். விண்நிலையத்தோடு தொடர்புகொள்ளும் பேச்சுமேசையில் முறைவைத்து உட்கார்ந்து அவரோடு பேசுவார். கீழே இறங்கியதும் போய்க் கூட்டிவருவார். விபரீதம் ஏதாவது நடந்துவிட்டால் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லவேண்டியவரும் அவரே.

யோரிஸ் தெக்லாவின் பெயரைச் சொன்னான். இடம் கிடைக்காதவளையே துணையாக வைத்துக்கொண்டால் படம் நன்றாக விழும், அதற்காகத்தான் என்று காப்பி அறையில் பேசிக்கொண்டார்கள். தெக்லாவும் அப்படித்தான் நினைத்தாள். மறுக்க அவளுக்கு உரிமை இருந்தது. மறுக்கவில்லை.

காரணம் ஒரு ஜோடிக் காலுறை.

பயிற்சியின் தொடக்க ஆண்டில் இருவரையும் பிரனீஸ் மலைப் பனியில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். கலம் தவறிப்போய் எங்கேனும் இறங்கினால் பிழைத்திருக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி அது. யோரிஸை முந்திப் போகவேண்டும் என்ற அவசரத்தில், பனி மூடிய ஓடையில் தெக்லா முழங்கால்வரை இறங்கிவிட்டாள். பயிற்சியாளர் முன்னால் தொலைவில் போய்க்கொண்டிருந்தார். அவளுடைய மாற்றுக் காலுறை மூட்டையின் அடியில், அதுவும் நனைந்துபோயிருந்தது. யோரிஸ் உட்கார்ந்தான். தன் காலில் இருந்த உலர்ந்த கம்பளிக் காலுறைகளைக் கழற்றி அவள் மடியில் போட்டான். அவளுடைய ஈரக் காலுறைகளைப் பிழிந்து தான் மாட்டிக்கொண்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. எதையும் பேசாமல் அவன் செய்ததை அவள் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பயிற்சி முடிவில் தெக்லா கடைசிவரை உறுதியாக நடந்தாள் என்று பாராட்டினார்கள். யோரிஸ் இறுதியில் பின்தங்கிவிட்டான் என்று குறை சொன்னார்கள். அவன் வலதுகால் பெருவிரல் கறுத்து, நகம் விழுந்து, பிறகு முளைத்தது கோணலாக முளைத்தது. அவன் வாய் திறப்பான் என்று தெக்லா காத்திருந்தாள். காலையில் முட்டை வேகவைத்ததைக்கூடப் படமெடுத்து ஊருக்குக் காட்டுகிறவன் அவன். தவறு நடந்தால் "நாங்கள்" என்றும், வெற்றி கிடைத்தால் "நான்" என்றும் சொல்கிறவன். இதை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவேயில்லை. தெக்லாவும் சொல்லவில்லை. முதலில் வெட்கத்தால் விட்டாள். நாள் கடந்தபின் எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் விட்டாள். அவனைத் தயங்காமல் இகழ்ந்துவிட அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது, தொண்டையில் மீன்முள் மாதிரி அந்தக் காலுறைதான் குறுக்கே நின்றது.

புறப்பாட்டுக்கு முன்னால் விண்வெளி வீரர்கள் அலுவலகத் தலைவி ஓடில் தெக்லாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள். விண்நிலையத்துக்கு வயதாகிவிட்டது, ஐரோப்பாவுக்கு இன்னும் ஒரே ஓர் இடம்தான் மிச்சம், நியாயப்படி அது தெக்லாவுடையது, ஆனால் முடிவு மந்திரிகள் கையில் இருக்கிறது என்றாள். அதன்பிறகு தெக்லாவின் வயதுக்கு வேறு வாய்ப்பு இல்லை. அதை ஓடில் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

அந்த வாரமே வழியனுப்பு விருந்து. பழைய பீர்க்கடையில் எல்லோரும் கூடினார்கள். கொலோன் பீர் சிறிய கண்ணாடிக் குவளையில் வரும். குவளை காலியானால் பரிமாறுகிறவர் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டுப் போவார். போதும் என்றால் குவளைக்கடியில் இருக்கும் அட்டையை எடுத்து அதன் வாயை மூடவேண்டும். இது இங்கே தொட்டில் குழந்தைக்கும் தெரியும். பெல்ஜியத்துப் பிளெமிஷ்காரனான யோரிஸ் பதினான்கு ஆண்டுகளாக இந்த ஊரில் இருந்தும் ஒரு முறைகூட அட்டையை வைத்ததில்லை. அவன் முன்னால் பாதி குடித்த குவளைகள் வரிசைகட்டி நின்றன. நீல ஏப்ரன் கட்டிப் பரிமாறும் கிழவர் ஷேங் வந்து பார்த்தார்.

"தம்பி, உங்க ஊர்ல 'போதும்'ங்கற வார்த்தையே கிடையாதா?"

"வானத்துக்குப் போறவன்கிட்ட போதும்னு சொல்லச் சொல்றீங்களே, பெரியவரே."

"நீ எங்க வேணா போ. மிச்சம் வைக்கிற பீர வேற எவனாவது குடிச்சிருப்பான். அந்தம்மாவப் பாரு, தாகம் தீர்ந்துது, மூடி வச்சிட்டாங்க."

மேசையே சிரித்தது. யோரிஸும் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான். சிரித்து முடித்து தெக்லா பக்கம் சாய்ந்தான்.

"அடுத்த இடம் உனக்குத்தான். மேலேருந்து நானே சொல்றேன். நான் சொன்னா கேப்பாங்க."

"சொல்லு."

"நம்பலையா?"

"நீ சொல்றப்போ பேச்சுமேசையில நான்தான் இருப்பேன். கேட்டுக்கறேன்."

அவன் ராக்கெட் ஏறிய நாள் காலை, தெக்லா போர்ஸ் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றினாள். ஆண்டவரே, இவன் பத்திரமாகத் திரும்பட்டும், திரும்பிய பிறகு நான் இவனை வெறுத்துக்கொள்கிறேன் என்று வேண்டினாள். அதைவிட நல்ல பிரார்த்தனை அன்று அவளிடம் இல்லை. இருந்ததைக் கொடுத்தாள்.

மேலே போனபின் யோரிஸ் இன்னும் யோரிஸ் ஆனான். சோதனைகளைச் செய்தான், அவற்றை ஒழுங்காகவே செய்தான். ஆனால் செய்த வேலையைக் காட்டிலும் செய்ததைக் காட்டிய நேரம் அதிகம். மிதக்கும் சாக்லேட்டைக் கவ்விப் பிடித்தான். ஜன்னலோரம் தலைகீழாகத் தொங்கியபடி அமைதியைப் பற்றிப் பேசினான். கீழே விளம்பரப் பிரிவில் இருந்தவர்கள், கோயில் யானைக்கு நெற்றிப்பட்டம் கட்டுகிறவர்களைப் போலப் பரபரப்பாக இருந்தார்கள். யானைக்காவது அது அலங்காரம் என்று தெரியாது.

நான்காம் மாதம் மந்திரிகளோடு நேரலை உரையாடல் நடந்தது. பாரீஸில் அவர்கள் கூடியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில்தான் மிச்சமிருந்த ஓரிடத்தைப் பற்றியும் பேசப்போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கொலோனில் பேச்சுமேசையில் தெக்லா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மந்திரி, அடுத்து யார் வரவேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனாலும் கதவு திறந்துவிட்டது.

யோரிஸ் ஒரு நொடி பேசவில்லை. அந்த ஒரு நொடியில் தெக்லா நம்பினாள். அதற்காகத் தன்னைப் பிற்பாடு நெடுநாள் நொந்துகொண்டாள்.

"உண்மையச் சொல்லணும்னா, இங்கேருந்து இறங்கவே மனசில்ல. மறுபடி கூப்பிட்டா நாளைக்கே வரேன்."

பாரீஸில் சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. இணைப்பு துண்டிக்கப்பட்டதும், வழக்கம்போல் குரல் தெளிவாக வந்ததா என்று மேலிருந்து யோரிஸ் கேட்டான். அறையில் இருந்தவர்கள் தெக்லாவைப் பார்க்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டார்கள்.

"ரொம்பத் தெளிவா வந்துது, யோரிஸ். ஒரு வார்த்தைகூட விட்டுப்போகல" என்றாள் தெக்லா.

அன்று மாலையே பெல்ஜியத்தின் கெங்க் ஊரிலிருந்து யோரிஸின் தாய் ஃபிலோமேன் தொலைபேசியில் அழைத்தாள். துணையாளிடம் வாரத்துக்கு இரண்டு முறையாவது பேசாவிட்டால் அந்த அம்மாளுக்குச் சோறு இறங்காது. தொலைக்காட்சியில் பையனைப் பார்த்த பெருமையில் இருந்தாள். ராஜாவே அவன் பேச்சைக் கேட்டிருப்பார் என்றாள். தெக்லா உம் கொட்டிக்கொண்டே தன் மேசையில் இருந்த பென்சிலை இரண்டாக ஒடித்தாள்.

"அங்க குளிருமாடி பொண்ணே? நீதான் உண்மையச் சொல்லுவ."

"இல்லம்மா. உள்ள சூடாத்தான் இருக்கும்."

"அதுக்கில்ல. சின்னதுலேருந்தே அவனுக்குக் காலு ரெண்டும் ஐஸா இருக்கும். ரத்த ஓட்டம் சரியில்லன்னு டாக்டர் சொன்னாரு. ஜூன் மாசத்துலகூட காலுறை இல்லாம தூங்கமாட்டான். ஈரம் பட்டா அழுவான்னா பாத்துக்கோ."

தெக்லா ஒடிந்த பென்சில் துண்டுகளை மேசையில் வைத்தாள். லைன் போய்விட்டது என்று நினைத்து அந்த அம்மாள் "ஹலோ, ஹலோ" என்றாள். இருக்கேன் அம்மா என்றாள் தெக்லா. ஈரக் காலுறையைப் பிழிந்து மாட்டிக்கொண்டபோது அவன் முகம் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். நினைவில்லை. அவள் அப்போது முகத்தைப் பார்க்கவில்லை. தன் கால் சூடேறுவதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள்.

யோரிஸ் இறங்கும் நாள் நெருங்கியபோது, தெக்லாவுக்குப் பதிலாக வேறு யாரையாவது அவனைக் கூட்டிவர அனுப்பலாம் என்று ஓடில் ஜாடையாகச் சொன்னாள். பெயர் சொன்னது அவன், ஒப்புக்கொண்டது நான் என்று தெக்லா பதில் சொன்னாள்.

கலம் ஃப்ளோரிடாப் பக்கத்துக் கடலில் இறங்கியது. கப்பலின் மேல்தளத்தில் மருத்துவரோடு தெக்லா காத்திருந்தாள். மந்திரிகள் முடிவெடுத்துவிட்டார்கள் என்று ஓடில் தொலைபேசியில் சொன்னது அங்கேதான். கடைசி இடம் யோரிஸுக்கே போயிற்று. மக்களுக்கு அவனைத் தெரிந்துவிட்டதாம், பழகிய முகம் என்றால் செலவைப் பற்றி யாரும் கேள்வி கேட்கமாட்டார்களாம். அவனிடம் இப்போது சொல்லவேண்டாம், கொலோன் வரவேற்பு மேடையில் வைத்துச் சொல்லப் போகிறார்கள் என்றாள் ஓடில். சொல்லும்போது அழுதாள். தெக்லா அழவில்லை. காற்றில் கண்ணில் உப்பு அடித்தது, துடைத்துக்கொண்டாள்.

கொலோனுக்குத் திரும்பும் விமானத்தின் பின்பகுதியில் யோரிஸைப் படுக்கவைத்திருந்தார்கள். மாதக்கணக்கில் மிதந்த உடம்புக்குத் தலை பாறாங்கல்லாகக் கனத்தது. இரண்டு முறை வாந்தியெடுத்தான். இரண்டு முறையும் தெக்லாதான் பையைப் பிடித்தாள்.

"மந்திரிங்ககிட்ட நான் சொன்னது..." என்று தொடங்கினான்.

"கேட்டேன்."

"உன் பேரத்தான் சொல்லணும்னு இருந்தேன். வாயில அது வந்துடுச்சு."

"உன் வாயில எப்பவும் அதான் வரும்."

அவன் சிரிக்க முயன்றான், வரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அதற்கும் ஒரு கேமரா வேண்டியிருந்ததோ என்னவோ. கொஞ்ச நேரத்தில் வாய் திறந்தபடி தூங்கிப்போனான். தூங்கும்போது அவன் முகத்தில் விளம்பரம் ஒன்றும் இல்லை, நடுவயது மனிதனின் சோர்ந்த முகம்தான் இருந்தது.

விமானத்துக்குள் குளிர் ஏறியது. போர்வை அவன் கணுக்காலோடு நின்றுவிட்டது. அவனுடைய துணிப்பெட்டி, வரவேற்பு மேடையில் காட்சிக்கு வைக்க விளம்பரப் பிரிவின் ஏற்பாட்டில் முன்கூட்டியே வேறு விமானத்தில் போய்விட்டிருந்தது. கால்களுக்கு மட்டும் நிறுவனத்தின் சின்னம் அச்சிட்ட மெல்லிய துணிச் செருப்பு கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று கழன்று கீழே கிடந்தது. கண்டத்தையே தலைநிமிரச் செய்த வீரனுக்கு அந்தக் கண்டம் ஒரு ஜோடிக் காலுறை எடுத்துவைக்க மறந்திருந்தது.

போர்வையைச் சரிசெய்ய வந்த மருத்துவர், தரையில் சக்கரநாற்காலி தயாரா என்று விசாரிக்க விமானிகளிடம் போனார். திரையை இழுத்து மூடிவிட்டுப் போனார்.

தெக்லா அந்தக் கால்களைப் பார்த்தாள். மாதக்கணக்காகத் தரையை மிதிக்காததால் உள்ளங்கால் தோல் உரிந்து பச்சைக்குழந்தையின் கால்போல் ஆகியிருந்தது. வலது பெருவிரலில் மட்டும் அந்தக் கோணல் நகம், பழுப்பேறி, அப்படியே இருந்தது. தொட்டுப் பார்த்தாள். ஐஸ்.

அவனைப் பற்றி அவள் நினைத்ததில் எதுவும் மாறவில்லை. கீழே இறங்கியதும் அவன் மேடையேறுவான், அறிவிப்பைக் கேட்டு ஆச்சரியப்படுவான், கண் கலங்குவான், அது நன்றாகவே படமாகும். அவனுடைய கோப்பை மேலே தொங்கும், அவளுடையது கீழேயே இருக்கும். அதெல்லாம் நடக்கட்டும் என்று நினைத்தாள்.

குனிந்து தன் சப்பாத்துகளைக் கழற்றினாள். விமானக் குளிருக்காகப் போட்டுவந்த சாம்பல்நிறக் கம்பளிக் காலுறைகளை உருவினாள். இடது குதிகாலில் அவளே தைத்த ஒட்டு இருந்தது. மண்டியிட்டு, அவன் விழித்துவிடாதபடி ஒவ்வொரு காலாக மெல்லத் தூக்கி, அவற்றை மாட்டிவிட்டாள். கோணல் நகம் நூலில் சிக்கிக்கொள்ளாமல் விரலால் ஒதுக்கிவிட்டு, கணுக்கால்வரை இழுத்துவிட்டாள். யோரிஸ் தூக்கத்தில் ஒரு பெருமூச்சு விட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

திரைக்கு அப்பால் மருத்துவரின் குரல் நெருங்கி வந்தது. தெக்லா வெறுங்காலைச் சப்பாத்துக்குள் நுழைத்து நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தன் இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.